தொழிற்பேட்டைக்கு வந்த ஆறுமணிக் குருவி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "கும்மிடிப்பூண்டியில வேலை பாக்குறே, தொழிற்சாலைப் பாதுகாப்பு பத்திப் பேசுறியா, உற்பத்தித் திறன் பத்திப் பேசுறியா?" என்று கேட்டார். தோட்டத்துக்குக் குளிர்காலத்தில் வருகிற பறவைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிப்பா, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி இருபது நிமிஷம்" என்றார். பசி வேளையில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். தலைப்பில் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

எனக்கு வீடு திருவள்ளூரில், வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பதினாறாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓயாத லாரி, உருக்காலைப் புகை, ரீ-ரோலிங் மில் சத்தம், வெள்ளைச் சட்டை போட்டால் சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறம். "அங்கே ஏது சார் பறவை? பறவைன்னா பழவேற்காடு போகணும்" என்பார்கள். பழவேற்காட்டின் பெருமையை நான் குறைக்கப் போவதில்லை. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம் மாவட்டத்து எல்லையில் இருக்கிறது. பூநாரை பார்க்கக் காரெடுத்துக்கொண்டு போகிறோம், போகவேண்டியதுதான். ஆனால் நான் சொல்ல வந்தது தண்ணீரில் நிற்கும் பறவைகளை அல்ல. மரத்தடியில், சருகுக்குள், யார் கண்ணிலும் படாமல் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நம்மோடு குடியிருந்துவிட்டுப் போகிற சிலவற்றைப் பற்றி.

எங்கள் ஆலையில் தோட்ட வேலை பார்க்கும் ஓர் அக்கா இருக்கிறார். நான்கு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி காலையில் என்னிடம் வந்து, "சார், இன்னா குருவின்னே தெரியல. கலர் கலரா இருக்குது, வாலே இல்ல, கோழி மாதிரி சருகைக் கிளறுது" என்றார். போய்ப் பார்த்தால் ஆறுமணிக் குருவி. மைனாவைவிடச் சிறியது. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், வயிறு வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு, வாலடி சிவப்பு, கண்ணை ஒட்டி மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை. எடை ஒரு கோழி முட்டை அளவு இருக்கும். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரட்டை விசில் அடிக்கும். பெயர்க் காரணம் அதுதான். நம் ஊர்க்காரர்கள் கடிகாரத்தை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். வேறு எந்தப் பறவைக்கும் இப்படிப் பொருத்தமான பெயர் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சருகுக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, உருக்குப் பிரிவில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பையன் ஒருவன் டீ வாங்க அந்த வழியாகப் போனான். அவனும் நின்றான். "நவ்ரங்!" என்றான். ஒன்பது நிறம் என்று பொருள். தமிழும் இந்தியும் கலந்து அவன் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "எங்க ஊர்ல மழை ஆரம்பிச்சா இது வந்துடும். நாள் முழுக்கக் கத்தும். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். மழை முடிஞ்சா காணாமப் போயிடும். எங்கே போகுதுன்னு எங்க யாருக்கும் தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இங்கேதான் வருதா?" என்றான்.

நண்பர்களே, வலசையைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் தென்மேற்குப் பருவமழையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை இது என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பாதையின் அந்த முனையிலிருந்து ஒரு மனுஷன் வந்து என் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னது அன்றைக்குத்தான். அந்தப் பையன் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் பொதுப்பெட்டியில் நின்றுகொண்டே வந்தவன். குருவி இரவில் பறந்து, பகலில் எங்காவது மரத்தடியில் ஒதுங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறது. இரண்டு பேரும் வந்து சேர்ந்த இடம் எங்கள் ஆலையின் பின்பக்கத்து வேப்பந்தோப்பு.

இங்கே ஒரு கேள்வி வரும். இத்தனை தோட்டங்கள் இருக்கும்போது அந்த மூலைக்கு மட்டும் ஏன் வந்தது? எங்கள் ஆலையின் முன்பக்கத் தோட்டம் படம் பிடித்துக் காலண்டரில் போடலாம், அவ்வளவு அழகு. கொரியப் புல்தரை, வெட்டிவிட்ட வேலிச்செடி, வரிசையாகக் கோனோகார்பஸ். அங்கே குளிர்காலப் பறவை எதுவும் இறங்குவதில்லை. பின்பக்கத்தில் பழைய வேம்பு, புங்கம், நாவல், இரண்டு ஆல். ஆள் பற்றாக்குறையால் பல வருஷம் கூட்டாமல் விட்டதில் சருகு ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருந்தது. மழை பெய்தால் அடிச் சருகு மக்கும். மக்கினால் கரையான், வண்டு, மண்புழு, நத்தை எல்லாம் வரும். ஆறுமணிக் குருவிக்கு அதுதான் சாப்பாடு. அதன் குட்டை வாலும் நீளக் காலும் தரையில் தத்தி நடந்து சருகைப் புரட்டுவதற்கென்றே அமைந்தவை. மரத்தில் பழமே இல்லாவிட்டாலும் அது கவலைப்படாது. சருகு இல்லாவிட்டால் பட்டினிதான்.

அது மட்டும் இல்லை. அந்த மூலையில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தபின் மற்றவர்களும் கண்ணில் பட்டார்கள். கொடிக்கால் வாலாட்டி என்று ஒன்று. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில், உடம்பையும் சேர்த்து ஆட்டும். இடுப்பை அசைத்து நடக்கிற மாதிரி இருக்கும். சீனாவின் வடகிழக்கிலும், கொரியாவிலும், ருஷ்யாவின் தூரகிழக்கிலும் குஞ்சு பொரிப்பது. அடுத்து செந்தலைப் பூங்குருவி. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் இருப்பதற்கு முகத்தில் இரண்டு கறுப்புக் கோடு உண்டு. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருவதற்கு அந்தக் கோடு கிடையாது, முகம் முழுக்க ஆரஞ்சுதான். எங்களிடம் வந்தது கோடில்லாதது. வேதிவால் குருவி, அதாவது அரசவால் ஈப்பிடிப்பான், ஒரே ஒரு மார்கழி மாதம் மூன்று நாள் இருந்தது. வெள்ளை ரிப்பன் மாதிரி வாலைப் பார்த்துவிட்டு கேன்டீன் மாஸ்டர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். பழுப்புக் கீச்சான் செப்டம்பரிலேயே வந்து வேலி முள்ளில் உட்கார்ந்து கரகரவென்று சண்டை போடும். சைபீரியாப் பக்கத்துப் பறவை. குளிர்காலம் கழிக்கப் போன வருஷம் வந்த இடத்துக்கே மறுபடி வரும் வழக்கம் அதற்கு உண்டு. நாணல் கதிர்க்குருவியைப் பார்ப்பது கஷ்டம். புதருக்குள்ளிருந்து 'டக், டக்' என்று நாக்கைச் சொடுக்குகிற மாதிரி சத்தம் மட்டும் வரும்.

இவற்றில் எதுவும் உலகத்தில் அரிதானது இல்லை. கிண்டிப் பூங்காவில், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில், ஐ.ஐ.டி. வளாகத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறார்கள். ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குள் இவை அசாதாரணம். "அசாதாரணம்" என்பது பறவையைப் பொறுத்தது மட்டும் அல்ல, இடத்தையும் தேதியையும் பொறுத்தது என்பது என் எண்ணம். மயில் நம் தேசியப் பறவை. அண்ணா சாலையில் நடந்தால் செய்தி.

சரி, இனி சண்டைக்கு வருகிறேன். எங்கள் ஆலையில் ஃபைவ் எஸ் தணிக்கை உண்டு. இங்கே இருக்கும் இயந்திரவியல் நண்பர்கள் பாதிப் பேருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். தேவையில்லாததை நீக்கு, இருப்பதை ஒழுங்காக வை, துடைத்துச் சுத்தம் செய். உற்பத்திக் கூடத்துக்கு அதைவிட நல்ல விதி கிடையாது, நானே பயிற்சி கொடுக்கிறேன். ஆனால் அந்த ஆண்டுத் தணிக்கையில் பின்பக்கத் தோப்புக்குச் சிவப்பு அட்டை போட்டார்கள்: "சருகுக் குப்பை, உடனே அகற்றவும்." அகற்றினால் என்ன ஆகும்? கூட்டிக் குவித்துக் கொளுத்துவார்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே அப்படித் திறந்தவெளியில் கொளுத்தக் கூடாது என்று இருந்தது. ஆனால் விதியைக் காட்டி மேலதிகாரியிடம் பேசினால் வேலை நடக்காது, அது உங்களுக்கே தெரியும். ஆகவே எதிர்ப்பு என்ன என்று முதலில் கேட்டேன்.

இரண்டு எதிர்ப்பு. இரண்டும் நியாயமானவை. ஒன்று, தீ. காய்ந்த சருகு டிரான்ஸ்பார்மர் பக்கமோ டீசல் ஜெனரேட்டர் பக்கமோ இருப்பதை எந்தப் பொறியாளனும் ஒத்துக்கொள்ளக் கூடாது. நானும் ஒத்துக்கொள்ளவில்லை. மின்யார்டிலிருந்து தள்ளி நாற்பதுக்கு அறுபது அடியில் ஒரு துண்டை மட்டும் கேட்டேன். அதைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தினமும் கூட்டிய வெறும் மண். கோடையில் வாரத்துக்கு இருமுறை சுத்திகரித்த தண்ணீர் தெளிப்பு. இரண்டாவது, பாம்பு. "சார், நீங்க குருவி பாப்பீங்க, உள்ள கால் வைக்கிறது நாங்கதானே" என்றார் தோட்டத்து அக்கா. அவர் சொன்னதுதான் சரி. நடைபாதையை அந்தப் பக்கத்திலிருந்து மாற்றினோம். உள்ளே யாரும் போக வேண்டிய வேலையே இல்லாதபடி செய்தோம். நீண்ட பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். வாசலில் ஒரு பலகை: "இயற்கை உரப் பகுதி." பறவைப் பகுதி என்று எழுதியிருந்தால் தணிக்கையில் சிரித்திருப்பார்கள். உரம் என்றதும் மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள்!

ஆலைகளுக்கு வழங்கும் சுற்றுச்சூழல் அனுமதிகளில், மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமை வளையமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலம் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. நடைமுறையில் மரங்களின் எண்ணிக்கையைத்தான் எண்ணுகிறார்கள். சீக்கிரம் பச்சை காட்டுவதால் கோனோகார்பஸ் வரிசை வரிசையாக வந்தது. குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை விதித்தது, தமிழக அரசும் பின்னர் 2025-இல் தடை செய்தது. மரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கும் படிவம் எதையும் நான் இதுவரை நிரப்பியதில்லை. எங்களுக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1971-இல் அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. ஏவுதளத்தின் பாதுகாப்புக்காகப் போட்ட வேலிக்குள், இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைக்காடு பெரும் பரப்பில் தப்பிப் பிழைத்திருக்கிறது. தொழில்நுட்பமும் சருகும் ஒரே வேலிக்குள் இருக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் காட்டுகிற உதாரணம் அது.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இரண்டாம் வருஷம் அக்டோபரில் ஒரு காலை, நிர்வாகக் கட்டடத்தின் நீலக் கண்ணாடிச் சுவரின் கீழே ஓர் ஆறுமணிக் குருவி செத்துக் கிடந்தது. கழுத்து ஒடிந்திருந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. அவ்வளவு தூரம் வந்து, கடைசி நூறு அடியில். கண்ணாடியில் தெரிகிற மரத்தை அது மரம் என்றே நம்பிப் பறக்கிறது. இரவு முழுக்க எரியும் வெளிச்சம் வேறு இரவில் பறப்பவற்றை இழுத்துத் திசை தடுமாற வைக்கிறது. அஸ்ஸாமில் ஜதிங்கா என்ற ஊரில் மூடுபனி இரவுகளில் விளக்கை நோக்கி வந்து விழும் பறவைகளைத் "தற்கொலை" என்று பத்திரிகைகள் எழுதின. எந்தப் பறவையும் தற்கொலை செய்துகொள்வதில்லை. பனியும் வெளிச்சமும் சேர்ந்து குழப்புகின்றன, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு பொறியியலில் இருக்கிறது. சிகாகோவில் மிஷிகன் ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டுக் கட்டடம். 2023 அக்டோபர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் அதன் கண்ணாடியில் மோதிச் செத்தன. 2024 கோடையில் கண்ணாடி முழுக்கச் சிறு புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டினார்கள். அந்த ஆண்டு வலசைக் காலத்தில் சாவு சுமார் 95 சதவீதம் குறைந்துவிட்டது. கணக்கு எளிது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கண்ணாடியின் வெளிப்பக்கம் இருக்கவேண்டும், உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு அப்படியே இருக்கும். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதால் பிரயோஜனம் இல்லை.

எங்களிடம் படலம் வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. பராமரிப்புப் பிரிவுப் பையன்கள் ஒரு தகட்டில் துளையிட்டு, வெள்ளைப் பெயின்ட்டில் புள்ளி வைத்தார்கள். "மார்கழிக் கோலம் மாதிரி இருக்குது சார், கம்பிதான் இழுக்கணும்" என்று அக்கா சொன்னார். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கத்து அலங்கார விளக்கை அணைக்கிறோம். மின்கட்டணம் குறைகிறது என்று அதற்கு மட்டும் உடனே கையெழுத்து கிடைத்தது. அதற்குப் பிறகு இரண்டு பருவம் அங்கே எதுவும் மோதி விழவில்லை. இரண்டு பருவத்தை வைத்து நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். எதிரே எனக்குப் புள்ளியியல் எடுத்த பேராசிரியர் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது என்ன நிலை என்றால், ஆலையை விரிவாக்கப் போகிறார்கள். புதிய வரைபடத்தில் நம் நாற்பதுக்கு அறுபது, பழைய இரும்புக் கிடங்காக மாறியிருக்கிறது. விரிவாக்கம் வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். அதில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை இருக்கிறது, அந்த ஜார்க்கண்ட் பையனின் தம்பி உட்பட. கிடங்கை முப்பது மீட்டர் மேற்கே நகர்த்தினால் கிரேன் பாதையும் கெடாது, தோப்பும் தப்பும் என்று மாற்று வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதோடு நான்கு வருஷக் குறிப்பை இணைத்தேன். தேதி, நேரம், எந்த மரத்தடி, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. பாதிக் குறிப்பு என்னுடையது. மீதி அக்கா சொல்லச் சொல்ல நேரக் காப்பாளர் எழுதியது. "குருவி இருக்குன்னு சொல்றீங்க, ஆதாரம்?" என்று கேட்டவர்கள், தேதிகளைப் பார்த்ததும் கொஞ்சம் அமைதியானார்கள். கோப்பு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. முடிவு தெரியாது.

தம்பி தங்கைகளுக்கு அதனால்தான் சொல்கிறேன். நல்ல கேமரா இல்லை, பைனாகுலர் இல்லை என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தெரியாத பறவையானால் பெயரைத் தேடுவதற்கு முன் அளவு, நிறம், வால் ஆட்டும் விதம் இவற்றை எழுதிவிடுங்கள். பெயர் நாளைக்கும் கிடைக்கும், பறவை கிடைக்காது. பிறகு இ-பேர்டில் ஏற்றுங்கள், பத்து வருஷம் கழித்து இன்னொருவர் தேடினால் அகப்படும். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே ஒரு கணக்கெடுப்பு உண்டு. தமிழில் படிக்க ஆசைப்பட்டால் மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்', அப்புறம் தியடோர் பாஸ்கரன் எழுதியவை. அக்டோபரில் களைத்துப்போன ஆறுமணிக் குருவி வீட்டுக்குள்ளோ விடுதிக் குளியலறைக்குள்ளோ புகுந்து, காக்கை துரத்தி ஒடுங்கிக் கிடந்தால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காயம் இல்லையென்றால் இருட்டத் தொடங்கும்போது மரத்தடியில் திறந்துவிட்டால் போதும்.

முதல்வர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய பட்டறைக்குப் பின்னால், நாங்கள் பரீட்சைக்கு முன்தினம் ஒளிந்து படித்த மாந்தோப்பு இன்னும் இருக்கிறது. நேற்று மாலை ஆறு மணிக்கு அங்கே போய் நின்றேன். இரண்டு முறை விசில் கேட்டது. பறவையைப் பார்க்கவில்லை. ஆனால் வேலியோரம் சருகைக் குவித்து வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் பழைய சாம்பலும் கிடக்கிறது. அந்தக் குவியலை மட்டும் கொளுத்தாமல் மரத்தடியிலேயே பரப்பிவிடச் சொன்னால் போதும், செலவு ஒன்றும் இல்லை.

நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு அங்கே நிற்பேன். வருகிறவர்கள் வெள்ளைச் சட்டை போடாமல், போனை மௌனத்தில் போட்டுவிட்டு வாருங்கள். ஏழு மணிக்கு விடுதியில் காபி சொல்லியிருக்கிறேன். செயலாளர் மணியைப் பார்க்கிறார், சாப்பாடு தயார் போலிருக்கிறது.